அமைதியில் அளக்கவில்லை

ஏப்ரல் 22, திங்கள்

பதினெட்டுப் பெட்டிகளில் ஒன்பது முடிந்தன. எல்லாம் ஜூன் மூன்றாம் தேதிக்குள் பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும்.

மத்தியானம் புனிதா டீச்சர் போன் செய்தார். காது கேளாத குழந்தைகள் படிக்கும் பள்ளி அது. மார்ச் மாதம் ஒரு பெட்டியை ஒத்திகைக்காகக் கொடுத்திருந்தோம். டீச்சர் மைக்கில் பேசுவார், பன்னிரண்டு குழந்தைகள் ஹெட்போனில் கேட்பார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் கேட்கும் திறன் வேறு என்பதால் ஒவ்வொரு ஹெட்போனுக்கும் ஒலி அளவு வேறு. குழந்தை இடம் மாறி உட்கார்ந்தால் டீச்சர் ஒரு பொத்தானைத் தட்டி அளவை மாற்றிக்கொள்ளலாம்.

"இந்துமதி மேடம், பொண்ணு ஒருத்தி ஹெட்போனக் கழட்டி வீசிட்டா. திரும்பப் போடவே மாட்டேங்கறா. என்ன ஆச்சுன்னு சைகையில கேட்டா, காதுல அறைஞ்ச மாதிரி காட்டறா."

"எப்ப நடந்துச்சு?"

"இடம் மாத்தி உக்கார வச்சோம். அளவையும் கொறச்சேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்புறம் நான் பேச ஆரம்பிச்சேன். அவ்ளோதான்."

கதிரேசன் அண்ணாவிடம் சொன்னேன். எங்கள் பெட்டியின் மின்சுற்று அவர் வரைந்தது, அதற்கு நிரல் எழுதியது நான். பழைய கம்பெனியிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் இங்கே வந்தோம், பன்னிரண்டு வருடம் ஆகிறது.

"கொழந்தைங்க அப்படித்தான் அம்மணி. புதுசா எதையாச்சும் மாட்டிவுட்டா கழட்டித்தான் வீசும்" என்றார்.

இருக்கலாம். ஆனாலும் டீச்சர் அளவைக் குறைத்ததாகச் சொன்னதை எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 24, புதன்

ஒலி அளவை ஏற்றி இறக்குவது ஒரு சிப். அதற்குள் சின்னச் சின்னப் பெட்டிகள் போல ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. எந்த ரெஜிஸ்டரில் எந்த எண்ணை எழுதினால் என்ன நடக்கும் என்பதைத் தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட் சொல்ல வேண்டும். இன்று அதை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அளவை மாற்றும்போது காதில் 'டப்' என்று அடிக்கக் கூடாது என்பதற்காக, ஒலி அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணத்துக்காகச் சிப் காத்திருக்கும். ஒவ்வொரு கடப்புக்கும் ஒரு படி இறங்கும். அறையில் ஒலியே இல்லை என்றால்? அலை இல்லை, கடப்பும் இல்லை. பதினெட்டாம் பக்கம் சொல்கிறது: ரெஜிஸ்டரின் ஏழாவது பிட்டில், அதாவது ஏழாம் இடத்தில், ஒன்று எழுதினால், சிறிது நேரம் காத்திருந்துவிட்டுச் சிப் தானாகவே அளவை மாற்றிவிடும். நாற்பத்தொன்றாம் பக்க அட்டவணை சொல்கிறது: ஏழாவது பிட் பயன்பாட்டில் இல்லை, பூஜ்யம் எழுதவும்.

இப்படிக் குழப்பம் வரும்போது எங்கள் அலுவலகத்தில் 'பொருள் தாள்' எழுதுவது வழக்கம். "இதை நாங்கள் இன்னபடி புரிந்துகொண்டோம்" என்று எழுதி இருவர் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகு நிரல் டேட்டாஷீட்டைப் பார்க்காது, தாளைத்தான் பார்க்கும். பதினான்காம் தாளை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது பிட் பூஜ்யம் என்று நான்தான் எழுதியிருக்கிறேன். நவம்பர் 20. முதல் கையெழுத்து என்னுடையது, இரண்டாவது அண்ணாவுடையது.

"கம்பெனிக்காரன் பதில் போட்டானாங்கண்ணா?"

"மூணு தடவ எழுதிட்டேன். அவன் எங்க நம்ம மாதிரி சின்ன ஆளுங்கள மதிக்கறான்?"

ஏப்ரல் 26, வெள்ளி

பூஜ்யம் எழுதி அளந்தேன், ஒன்று எழுதி அளந்தேன். இரண்டிலும் அளவு உடனே மாறுகிறது. ஒரு வித்தியாசமும் இல்லை. பழுது சிப்பில் இல்லை என்று குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்குச் சேனைக்கிழங்கு வாங்க மறந்துவிட்டேன்.

மே 2, வியாழன்

பொருத்தும் பிரிவில் இருக்கும் செல்லம்மாள் அக்கா என் மேசைக்கு வந்து சலித்துக்கொண்டார். "காலைல வந்ததுல இருந்து ஊஊன்னு. அதக் கொஞ்சம் நிறுத்து கண்ணு, மண்ட காயுது."

எங்கள் சோதனை மேசையில் எந்நேரமும் ஒரே சீராக ஒரு ஒலி ஓடிக்கொண்டிருக்கும். அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் அளப்போம். எனக்கு அது காதில் விழுவதே இல்லை, ஃபேன் சத்தம் மாதிரி. அக்காவுக்காக அணைத்தேன். அறை அமைதியானது. அப்போதுதான் உறைத்தது. ஒலி ஓடிக்கொண்டே இருந்தால் அலை பூஜ்யத்தைக் கடந்துகொண்டே இருக்கும், சிப் காத்திருக்கவே வேண்டியதில்லை. ஐந்து மாதமாக எத்தனை முறை அளந்திருக்கிறோம். ஒருமுறைகூட அமைதியில் அளக்கவில்லை.

வகுப்பறையில் குழந்தைகள் இடம் மாறும்போது டீச்சர் பேசாமல் இருப்பார்.

மே 3, வெள்ளி

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அதிகம் கேட்காத குழந்தைக்கு வைக்கும் உச்ச அளவில் அதை வைத்தேன். ஒலியை அணைத்தேன். அளவை மிகக் குறைத்து எழுதினேன். திரையில் குறைந்த எண்தான் தெரிந்தது.

மைக்குக்குப் பக்கத்தில் டீ கொண்டுவந்து வைத்த செல்லம்மாள் அக்காவின் கை தட்டி டம்ளர் மேசையில் விழுந்தது.

அடுத்து நான் பார்த்தது கதிரேசன் அண்ணாவின் முகம். அறையின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து ஹெட்போனைப் பிடுங்கியிருந்தார். "எந்தக் காது? எந்தக் காது?" என்று கேட்டார். நான் அதுவரை வாயே திறக்கவில்லை. எவ்வளவு அக்கறை.

இடது காதில் கொஞ்சம் இரைச்சல். நாளைக்குப் போய்விடும்.

மே 4, சனி

அரை நாள். வந்ததும் அண்ணா அவர் கையாலேயே அந்த ஒலியைப் போட்டுவிட்டார். "அமைதியா இருந்தா வேல ஓடாது அம்மணி" என்று சிரித்தார். செல்லம்மாள் அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

மே 9, வியாழன்

ஹெட்போன் இல்லாமல் கருவியில் அளந்தேன். ஒலியை அணைத்துவிட்டு அளவைக் குறைத்து எழுதி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம். சிப் பழைய உச்ச அளவிலேயே நின்றது. பிறகு மைக்கில் விரலால் தட்டினேன். தட்டிய பிறகுதான் படிப்படியாக இறங்க ஆரம்பித்தது. முழுதாக இறங்கக் கால் வினாடிக்கும் மேல். அந்தக் கால் வினாடியில் காதுக்குப் போவது உச்சத்தை ஒட்டிய அளவு. அதிக ஒலியைத் தடுக்கும் வரம்பும் இதே ரெஜிஸ்டரைத்தான் பின்பற்றுகிறது, அதனால் அதுவும் காப்பாற்றாது.

ஏழாவது பிட்டில் ஒன்று எழுதியும் இதையே செய்தேன். அதே முடிவு. அப்படியென்றால் பதினெட்டாம் பக்கம் தவறு. அல்லது அந்தப் பக்கம் வேறெதையோ பற்றிப் பேசுகிறது.

அந்தப் பெண் குழந்தை சொன்னது சரி.

இடது தோள்பட்டையில் வலி இருப்பதால் போனை வலது கையில் வைத்துக்கொள்கிறேன்.

மே 13, திங்கள்

அண்ணாவிடம் அளவுகளைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. அனுபவம் உள்ளவர்கள் அப்படித்தான்.

"இதுக்குப் போய் எல்லாத்தையும் நிறுத்த முடியுமா? எடம் மாத்தறப்ப ஹெட்போனக் கழட்டிட்டு மாத்தச் சொல்லி டீச்சர்கிட்டச் சொல்லிடலாம். ஒரு தாள் அடிச்சு பெட்டி மேல ஒட்டிடலாம்."

"முதலாளிகிட்ட?"

"அவருகிட்ட நான் பேசிக்கறேன். நீ இதெல்லாம் எங்கியும் எழுதி வைக்காத. இப்போதைக்கு."

எழுதி வைக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. ஆனால் அலுவலகத்தில் எழுதவில்லை.

என் நாற்காலியை மேசையின் மறுபக்கத்துக்கு மாற்றிப் போட்டேன். வெயில் முகத்தில் அடிக்கிறது.

மே 16, வியாழன்

புனிதா டீச்சரிடம் போனில் பேசினேன். கழற்றிவிட்டு மாற்றும் யோசனையைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"மேடம், பன்னெண்டு கொழந்தைங்க. நான் போர்டுல எழுதிட்டுத் திரும்பறதுக்குள்ள ரெண்டு பேரு எடம் மாறியிருப்பாங்க. ஜன்னலோர சீட்டுக்கு டெய்லி சண்டை. நான் பாத்து அளவ மாத்தறதே பெரிய விஷயம். அதுங்க எல்லாத்துக்கும் மிச்சமிருக்கறதே கொஞ்சூண்டு கேக்கறதுதான். அதையும் நாம புடுங்கிடக் கூடாதில்ல?"

அதற்கு மேலும் ஏதோ சொன்னார். சரிங்க டீச்சர் என்றேன்.

மே 20, திங்கள்

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. குக்கர் மூன்று விசில் வரட்டும் என்று முன்னறையில் உட்கார்ந்திருந்தேன், வரவே இல்லை. வாஷர் போயிருக்கும் என்று புதிது வாங்கிப் போட்டேன். என் கணவர் பிரகாசம் பணிமனையிலிருந்து வந்ததும் வாசலிலேயே கேட்டார், "தெரு முழுக்கச் செய்தி வாசிக்கிறியா? டிவியக் கொறைம்மா."

வாஷர் மாற்றியதை அவரிடம் சொன்னேன். அவர் பழைய வாஷரை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மே 23, வியாழன்

தேர்தல் முடிவு. எல்லோரும் கேன்டீனில் ஒரே போனைச் சுற்றி நின்றார்கள். என் அறை காலியாக இருந்தது. சிப் தயாரிப்பாளருக்கு நானே கடிதம் எழுதினேன். இரண்டு பக்கங்களையும் குறிப்பிட்டு, சிப்பின் மேல் அச்சடித்திருக்கும் வரிசை எண்ணையும் கொடுத்து, எந்தப் பக்கம் சரி என்று கேட்டேன்.

அண்ணாவுக்கு மூன்று தடவை பதில் போடாதவர்கள் எனக்கு மட்டும் போடுவார்களா என்று தோன்றியது. போட்டால் அண்ணாவைக் கிண்டல் செய்யலாம்.

மே 24, வெள்ளி

காலையில் பதில் வந்திருந்தது. கேட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை.

இரண்டு பக்கமும் சரிதான். நாற்பத்தொன்றாம் பக்கம் முதல் தயாரிப்பு வரிசையைப் பற்றியது, அதில் அந்த வசதி வேலை செய்யாது. பதினெட்டாம் பக்கம் திருத்திய வரிசைக்காக எழுதியது. இரண்டையும் ஒரே டேட்டாஷீட்டில் சேர்த்தது தங்கள் பிழை என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது முதல் வரிசை. ஹெட்போன் கருவிகளில் அதைப் பயன்படுத்தக் கூடாது. திருப்பி அனுப்பினால் மாற்றித் தருவார்கள், நான்கு மாதம் ஆகும்.

கடைசிப் பத்தி: "இதே விளக்கத்தை உங்கள் நிறுவனத்தின் திரு. கதிரேசனுக்கு நவம்பர் 12 அன்று அனுப்பினோம். பெற்றுக்கொண்டதாக அவரும் பதில் எழுதினார். இரண்டின் பிரதியும் இணைத்திருக்கிறோம்."

இணைப்பைத் திறந்தேன். நன்றி என்ற ஒரு சொல், கீழே அவர் பெயர்.

நவம்பர் 12. பதினான்காம் தாள் நவம்பர் 20. அன்று அவர் என் மேசைக்கு வந்து, "நீயே எழுதிடு இந்து, உன் கையெழுத்துத்தான் தெளிவா இருக்கும்" என்றது நினைவிருக்கிறது.

மே 25, சனி

விடுப்பு. போர்வைகளைத் துவைத்தேன்.

மே 27, திங்கள்

கதிரேசனை மொட்டை மாடிக்கு வரச் சொன்னேன். கடிதத்தின் அச்சுப் பிரதியை நீட்டினேன். வாங்கவில்லை, என்னவென்று தெரிந்திருந்தது.

"இந்தச் சிப்ப எடுக்கலாம்னு சொன்னவனே நான்தான். போர்டு அடிச்சாச்சு, சரக்கு வந்து எறங்கியாச்சு. நாலு மாசம் காத்திருன்னா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிருக்கும். அமைதியா இருக்கறப்ப அளவ மாத்தி, உடனே பெருசா சத்தம் வந்து... எத்தன தடவ அப்படி அமையும்னு நெனச்சேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ தாள் எழுதியிருப்பியா?"

எழுதியிருக்க மாட்டேன். அதனால்தான் சொல்லவில்லை. அதைக் குற்றம் போல அல்ல, மழை வருமென்று தெரிந்து குடை எடுத்துவந்தவர் போலச் சொன்னார்.

"மே மூணாம் தேதி நான் ஒலிய அணைச்சப்ப பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

 அவர் என் வலது பக்கமாக வந்து நின்றுகொண்டார்.

"இந்து, உனக்கு இடது காது கேக்கலன்னு எனக்கு ரெண்டு வாரமாத் தெரியும். பின்னாடி நின்னு மூணு தடவ கூப்பிட்டுப் பாத்தேன். கேட்டுப் பாத்துச் சான்று குடுக்கறது உன் வேல. அந்தக் காது போச்சுன்னா முதலாளி உன்ன வச்சிருப்பாரா? நான் ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்கல. திறக்கவும் மாட்டேன். நீயும் அப்படியே இரு."

வெள்ளிக்கிழமை பெட்டிகள் கிளம்புகின்றன.

கொஞ்சம் இரைச்சல், தோள்வலி, வாஷர் என்று இத்தனை நாள் எழுதி வந்தேன். மேலே இருப்பதைத் திருத்தப் போவதில்லை.

மே 29, புதன்

பள்ளிக்குப் போனேன். புனிதா டீச்சர் செவிச் சோதனையும் செய்யத் தெரிந்தவர். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார். வலது காது முடிந்தது. இடது காதுக்கு மாறியதும் அவர் தோள் அசைவைப் பார்த்து விரலைத் தூக்கினேன். இரண்டு முறை தூக்கினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் தூக்கினேன்.

டீச்சர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "மேடம், எங்க பசங்களும் இப்படித்தான் செய்வாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன், சரியா?"

திரும்பிக்கொண்டார். அதன் பிறகு வெகுநேரம் நான் விரலைத் தூக்கவில்லை.

தாளை என் கையில் கொடுத்தபோது சொன்னார், "மேல் ஸ்தாயில ரொம்ப எறங்கியிருக்கு. உடனே வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். ஹெட்போன வீசுன எங்க பொண்ணு மாறி உக்காந்த எடத்துல பழைய அளவு உச்சமா இல்ல, தப்பிச்சா. நேத்துதான் சோதிச்சேன்."

அவளுடைய தாளையும் காட்டினார். பெயர் யாழிசை, எட்டு வயது. மார்ச்சிலும் இப்போதும் கோடு ஒரே இடத்தில்தான். அதை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

பேருந்தில் பிரகாசத்துக்குப் போன் செய்து சொன்னேன். "வாஷர் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு, "நான் வந்து கூட்டிட்டுப் போறேன், ஸ்டாண்டுலயே நில்லு" என்றார்.

மே 31, வெள்ளி

புதிய பொருள் தாள் எழுதினேன். எண் இருபத்தேழு. "பதினான்காம் தாள் தவறு. முதல் வரிசைச் சிப் அமைதியில் அளவை மாற்றாது. இதை ஹெட்போனில் பயன்படுத்தக் கூடாது." என் அளவுகள், தயாரிப்பாளரின் இரண்டு கடிதங்கள், என் செவிச் சோதனைத் தாள் எல்லாவற்றையும் பின்னால் இணைத்தேன். முதல் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது இடம் காலி.

முதலாளி தண்டபாணி சார் அறையில் கதிரேசன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். சார் தாளை மெதுவாகப் படித்தார். செவிச் சோதனைத் தாளில் நின்றார்.

"இது யாருதுங்க?"

"என்னுதுங்க சார். மே மூணாம் தேதி நம்ம பெட்டியில."

"ஒரு மாசமாச் சொல்லலியே நீங்க?"

"இல்லைங்க."

அவர் கதிரேசனைப் பார்த்தார். "நவம்பர்லயே லெட்டர் வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங் சார். ஆனா பதினாலாம் தாள எழுதுனது இந்து. நான் ரெண்டாவதாத்தான் போட்டேன்."

எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரை எத்தனையோ பேரிடம் "என் சொந்த அண்ணன் மாதிரி" என்று அறிமுகப்படுத்தியிருக்கிறேன்.

சார் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே வண்டியில் பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "டேய், நிறுத்துங்கடா. ஏத்துனத எறக்குங்க" என்று கத்தினார். திரும்பி வந்து இருபத்தேழாம் தாளில் இரண்டாவது கையெழுத்தை அவரே போட்டார்.

 குழந்தைகளுக்குப் போகாது. அது போதும் என்று நினைத்தேன்.

சார் பேனாவை மூடினார். "இந்துமதி, தப்பா எடுத்துக்காதீங்க. கேட்டுப் பாத்துச் சான்று போடற வேல இனி உங்களுக்கு ஆகாது. நிரல் மட்டும் பாத்துக்குங்க. ஆறு மாசம் போகட்டும், அப்புறம் என்னன்னு பேசலாம்." பிறகு, "கதிரேசன், சிப்ப மாத்தறதுக்கு அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட நீங்கதான் பேசோணும், உங்களத்தான் அவனுக்குத் தெரியும். சான்று வேலையையும் நீங்களே சேத்துப் பாருங்க."

"சரிங் சார்" என்றார் கதிரேசன்.

ஜூன் 3, திங்கள்

பள்ளி திறந்திருக்கும். புனிதா டீச்சருக்குத் தாமதம் பற்றி சார் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஒத்திகைப் பெட்டியையும் திரும்ப எடுத்து வந்துவிட்டார்கள். குழந்தைகள் இன்னும் நான்கு மாதம் பழைய கருவியில் கேட்பார்கள். அதில் பாதிதான் கேட்கும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆனால் காதில் அடிக்காது.

என் மேசையிலிருந்து ஹெட்போனையும் அளவுக் கருவியையும் எடுத்துப் போனார்கள். எனக்குச் சுவரோரமாக வேறு இடம். என் இடது பக்கம்தான் நடைவழி.

பதினொரு மணி இருக்கும். மேசைமேல் நிழல் விழுந்தது. கதிரேசன் பக்கத்தில் நின்றிருந்தார், கையில் என் பழைய ஹெட்போன். கணினித் திரையின் பளபளப்பில் அவர் உதடுகள் அசைவது தெரிந்தது. கொஞ்ச நேரம் பேசினார். மன்னிப்பாக இருக்கலாம், சான்றுப் படிவம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியாகவும் இருக்கலாம். தலையைத் திருப்பினால் தெரிந்திருக்கும்.

நிரலில் அடுத்த வரியை எழுதினேன்.